ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கல்வியில் டேப்லெட் செயலிகள்

காலை எட்டரை மணிக்குக் கிழக்கேகோட்டையைக் கடந்து செல்வது எவருக்கும் எளிதன்று. பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடக்கும் பக்தர்கள், பழவங்காடி கணபதி சந்நிதியில் உடைபடும் தேங்காய்கள், சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டிகள், ஊர்ப்பெயரைக் கூவி அழைக்கும் பேருந்து நடத்துநர்கள் என அனைத்தும் ஒரே இடத்தில் கூடுகின்றன. பெரும்பாலோர் இந்த இரைச்சலில் தமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, மற்றவற்றைச் செவியில் வாங்காமலே நடந்துவிடுகிறார்கள். ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் எனப்படும் நிலையில் உள்ள குழந்தைகள் பலருக்கு இந்த வடிகட்டும் திறன் போதிய அளவில் வாய்ப்பதில்லை. பேருந்தின் ஒலிப்பானும் தாயின் குரலும் ஒரே வலிமையுடன் வந்து மோதுகின்றன. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுகிறது. ‘பயமாக இருக்கிறது, வேறு வழியாகப் போகலாம்’ என்று சொல்ல அதற்குச் சொல் கிடைப்பதில்லை. சுற்றி நிற்பவர்கள் இதனைப் பிடிவாதம் என்று கருதி, தாய்க்கு அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறார்கள்.

இத்தகைய குழந்தையின் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தால் அதனால் என்ன பயன் விளையும், எது விளையாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இச்சாதனத்தைப் பற்றி மிகையான நம்பிக்கையும் மிகையான அச்சமும் ஒருங்கே பரவியுள்ளன. பொதுப்பணத்தைச் செலவிடும் அதிகாரிகளுக்கும், சிறப்புக் கல்வி பயிலும் மாணவர்களுக்கும் இவ்விரண்டுமே உதவா.

சட்டத்தில் இடம், கணக்கில் இடமின்மை

ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் விவரித்தார். மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். இது மூளை வளர்ச்சியின் போக்கில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. தாயின் அன்புக் குறைவால் விளைவது என்று ஒரு காலத்தில் கூறப்பட்டது முற்றிலும் தவறு. தடுப்பூசியால் வருவது என்ற கூற்றும் பொய்யென நிறுவப்பட்டுவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுள் சிலர் சரளமாகப் பேசுவர், உயர்கல்வியும் பெறுவர். ஆயின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் பள்ளிப் பருவத்திலும் ஒரு சில சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. டேப்லெட் செயலிகள் பற்றிய விவாதத்தில் முதலிடம் பெற வேண்டியவர்கள் இவர்களே.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதன்முதலாக அதற்குப் பெயர் சொல்லி இடமளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2017 ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ள குழந்தை 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையுடையது.

உரிமை வந்துவிட்டது. கணக்கு வரவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கூறியபோதிலும், ஆட்டிசத்துக்கெனத் தனிப் பத்தி எதனையும் அது வைத்திருக்கவில்லை. கேரள அரசு 2015-இல் தனியாக நடத்திய கணக்கெடுப்பு 22 வகைகளைப் பிரித்து எண்ணியது பாராட்டத்தக்கது. நாட்டின் ஐந்து பகுதிகளில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என மதிப்பிட்டது. இந்த விகிதத்தை ஒரு மாவட்டத்தின் குழந்தைத் தொகையோடு பெருக்கிப் பார்க்கும் எந்தத் திட்ட அதிகாரியும், தம் மாவட்டத்தில் உள்ள பேச்சுப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கையை அடுத்துக் கேட்காமல் இருக்க முடியாது.

ஒரு பென்சிலின் பாடம்

திருவனந்தபுரம் இத்துறையில் நாட்டுக்கு முன்னோடியாக விளங்கிய நகரம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய ‘திருவனந்தபுரம் வளர்ச்சி அறிவட்டவணை’ 1991-இல் வெளியிடப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான இந்த அட்டவணையில் 17 செயல்கள் மட்டுமே உள்ளன. குழந்தையின் வயதைக் குறிக்கும் இடத்தில் ஒரு பென்சிலை நேர்க்குத்தாக வைத்தால், அதற்கு இடப்புறம் முழுமையாக அமையும் செயல்களைக் குழந்தை செய்திருக்க வேண்டும். செய்யவில்லையெனில் மேற்பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கன்வாடி ஊழியர் ஒருவர் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய பணி இது. சிறுவரின் மொழி வளர்ச்சியை அளக்கவும் ஆட்டிச நடத்தைகளைக் கண்டறியவும் இந்நகரின் பெயரையே தாங்கிய வேறு அளவைகளும் பின்னர் வந்தன. 1997-இல் தொடங்கப்பட்டு இன்று ஆக்குளத்தில் இயங்கிவரும் ‘நிஷ்’ என்னும் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனமும் ஆட்டிசம் உள்ள இளங்குழந்தைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

அந்த அட்டவணையை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அதன் வெற்றி பென்சிலில் இல்லை. அதைப் பிடிக்கும் ஊழியருக்குக் கிடைத்த பயிற்சியிலும், ஐயமுள்ள குழந்தையை அனுப்பிவைக்க ஓர் இடம் இருந்ததிலும் உள்ளது. டேப்லெட்டுக்கும் இது பொருந்தும். பள்ளி ஆசிரியர்கள் மாணவரின் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே இனங்காணும் பொருட்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் 2022-இல் ‘பிரசஸ்த்’ என்னும் செயலியை வெளியிட்டது. இனங்கண்ட பின் அடுத்த வாசல் திறந்திருந்தால்தான் அச்செயலிக்குப் பொருள் உண்டு.

பலகை எவ்வாறு பேசுகிறது

படத்தைக் கொண்டு பேசும் முறை டேப்லெட்டுக்கு முற்பட்டது. ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் ஆகிய இருவர் 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் படப் பரிமாற்ற முறையை வகுத்தனர். குழந்தைக்குப் பிஸ்கட் வேண்டுமானால் பிஸ்கட் படமுள்ள அட்டையை எடுத்து எதிரிலிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அட்டை கைமாறும்போது, தன் விருப்பம் இன்னொருவரின் மனத்தைச் சென்றடைய வேண்டும் என்ற உண்மையைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மிகக் கடினமான பாடமே இதுதான்.

அட்டைகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் தூக்கிச் செல்ல இயலாது. இந்தக் குறையைப் போக்க வந்த பேசும் கருவிகள் வெளிநாடுகளிலிருந்து மிக உயர்ந்த விலைக்கே கிடைத்துவந்தன. சென்னையில் அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் தம் நிறுவனத்தின் வாயிலாக ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காகச் சென்னை வித்யாசாகர் அமைப்பின் துணையுடன் வளர்ந்த முயற்சி அது. 2010-இல் தேசிய விருதும் பெற்றது. அதே ஆண்டு ஐபேட் விற்பனைக்கு வந்தது. தனிக் கருவி செய்து விற்பதைக் காட்டிலும், கடையில் கிடைக்கும் டேப்லெட்டில் இயங்கும் செயலியாக அதை மாற்றுவதே சிக்கனம் என்பது விரைவில் புலனாயிற்று. அவ்வாறு மாறிய ‘ஆவாஸ்’ ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடையே பரவலாயிற்று. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்புப் பள்ளி உருவாக்கிய ‘ஜெல்லோ’ என்னும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது.

இத்தகைய செயலியின் திரையில் படங்கள் கட்டங்களாக அமைந்திருக்கும். குழந்தை ஒரு படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லை உரக்கச் சொல்லும். பல படங்களைத் தொட்டால் அவை மேற்பட்டையில் வரிசையாகச் சேர்ந்து வாக்கியமாகும். ‘வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், போ, வா, உதவி’ போன்ற எங்கும் பயன்படும் சொற்கள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தட்டச்சுக்காரரின் விரல் எழுத்தைத் தேடுவதில்லை. அதைப்போல, பழகிய குழந்தையின் விரலும் இடத்தை நினைவில் வைத்துச் செல்கிறது. அழகுக்காக மாதந்தோறும் கட்டங்களை இடம் மாற்றுவது, குழந்தையின் நாக்கை மாற்றிவைப்பதற்கு ஒப்பாகும்.

பேச்சுக்குரியவை நீங்கலாக வேறு செயலிகளும் உள்ளன. நாளின் நிகழ்ச்சிகளைப் படவரிசையாகக் காட்டுவது அவற்றுள் பயனுள்ள ஒன்று. கிழக்கேகோட்டை வழியாகப் பயிற்சி மையத்துக்குச் செல்லும் சிறுவனை எடுத்துக்கொள்வோம். வீட்டு வாசல், மேத்தன் மணிக் கடிகாரம், பத்மதீர்த்தக் குளம், நடை மேம்பாலம், பேருந்து, மையத்தின் கதவு என ஆறு புகைப்படங்களைத் தந்தை தாமே எடுத்து வரிசைப்படுத்தித் தருகிறார். ஒவ்வோர் இடத்தையும் கடந்ததும் சிறுவன் அப்படத்தைத் தொட்டு நீக்குகிறான். அடுத்து வரப்போவது எது என்று தெரிந்துவிட்டால் இரைச்சல் குறையாவிடினும் அச்சம் குறைகிறது. இதற்கு விலை கொடுத்து வாங்கும் செயலிகூடத் தேவையில்லை. புகைப்படத் தொகுப்பே போதும்.

வெள்ளமும் தண்ணீரும்

கிழக்கேகோட்டைச் சுற்றுவட்டாரம் மொழியாலும் ஒரு சந்திப்பு. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள அக்ரகாரங்களிலும், சாலைக் கடைத்தெரு வணிகர்களிடையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறியபோதும் வீட்டு மொழி மாறவில்லை. இத்தகைய வீட்டில் பிறந்த, பேச்சு வராத குழந்தையின் நிலை என்ன? வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், டேப்லெட்டில் பெரும்பாலும் ஆங்கிலம். இக்கலப்பை மற்றக் குழந்தைகள் விளையாட்டாகவே கற்றுவிடுகின்றனர். ஒரு சொல்லை ஒரு பொருளோடு ஒட்டவைக்கவே மாதக்கணக்கில் உழைக்கும் குழந்தைக்கு அது அவ்வளவு எளிதன்று.

குவளைப் படத்தைத் தொட்டால் மலையாளச் செயலி ‘வெள்ளம்’ என்கிறது. தமிழ் வீட்டில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே ‘தண்ணீர்’, சில வீடுகளில் ‘ஜலம்’. பள்ளியில் ‘மதி’ என்றால் போதும் என்று பொருள். பாட்டியின் கதையில் அது நிலவு. படமும் அதன் இடமும் மாறாமல், குரலை மட்டும் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள வசதி இருந்தால் இச்சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ‘வேண்டாம்’ என்ற சொல் மட்டும் இரு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பது குழந்தைக்குக் கிடைத்த நல்வாய்ப்பு; அதிகம் தேவைப்படும் சொல்லும் அதுவே.

இலக்கணமும் இடறுகிறது. ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு அமைத்த கட்டங்களில் ‘நான்’, ‘வேண்டும்’, ‘தண்ணீர்’ என்று தொட்டால் தமிழ்க்குரல் ‘நான் வேண்டும் தண்ணீர்’ என்கிறது. எந்தத் தமிழ்த் தாயும் இவ்வாறு பேசமாட்டார். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று வர வேண்டுமானால், ‘நான்’ என்பது நான்காம் வேற்றுமை ஏற்க வேண்டும். வினை இறுதிக்குச் செல்ல வேண்டும். படங்களுக்கிடையிலான பொருளுறவை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் பின் அந்தந்த மொழியின் இலக்கணப்படி வாக்கியம் அமைக்கும் முறையொன்றை அஜித் நாராயணன் 2013-இல் ஓர் உரையில் விளக்கிக் காட்டினார். உருபுகளாலும் விகுதிகளாலும் இயங்கும் தமிழ், மலையாளம் போன்ற மொழிகளுக்கு இத்திசையிலான ஆராய்ச்சி மிகவும் அவசியம்.

ஆய்வுகள் கூறுவது

‘கருவி பேசிவிட்டால் குழந்தை பேசவே முயலாது’ என்ற அச்சம் பெற்றோரிடம் பரவலாக உள்ளது. சில மருத்துவர்களிடமும் உண்டு. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு இக்கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளோரிடையே நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் எவருக்கும் கருவியாலோ படத்தாலோ சைகையாலோ பேச்சு குறையவில்லை. பத்தில் ஒன்பது பேருக்குச் சிறிதளவேனும் பேச்சு கூடியிருந்தது. இவ்வச்சத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கும் குடும்பங்கள், திரும்பக் கிடைக்காத பருவத்தை இழக்கின்றன.

அமெரிக்காவில் கோனி கசாரியும் அவருடைய குழுவினரும் 5 முதல் 8 வயது வரையுள்ள, மிகக் குறைவாகவே பேசும் 61 குழந்தைகளை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். அனைவருக்கும் விளையாட்டு வழியிலான பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் தொடக்கம் முதலே பேசும் கருவியும் சேர்க்கப்பட்டது. அப்பிரிவினரே தாமாக முன்வந்து பேசுவதில் அதிக முன்னேற்றம் கண்டனர். இதற்கு நேர்மாறான பாடத்தை ஸ்காட்லாந்து தந்தது. ஆறு வயதுக்குட்பட்ட 54 குழந்தைகளைக் கொண்டு, சமூகக் கவனத்தை வளர்க்கும் ஐபேட் விளையாட்டுச் செயலி ஒன்று அங்குச் சோதிக்கப்பட்டது. 2016-இல் வெளியான முடிவின்படி, குழந்தைகள் விரும்பி விளையாடியபோதிலும் பெற்றோரோடு பழகும் விதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேறுபாடு புலப்படும். முதலாவதில் கருவி இரு மனிதர்களுக்கிடையே இருந்தது. இரண்டாவதில் குழந்தையும் திரையும் தனியாக இருந்தன. திரையில் முகத்தைச் சரியாகத் தொடக் கற்ற குழந்தை, அடுக்களையில் நிற்கும் தாயின் முகத்தை நோக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஆசிரியரும் பெற்றோரும் தாம் பேசும்போது தாமும் கருவியைத் தொட்டுப் பேச வேண்டும். ‘சாப்பிட வா’ என்று வாயால் அழைக்கும்போதே ‘வா’ என்ற கட்டத்தைத் தொட வேண்டும். கைக்குழந்தை ஓராண்டுக் காலம் பிறர் பேச்சைக் கேட்ட பின்னரே முதற்சொல்லைச் சொல்கிறது. கருவியைக் கொடுத்த இரண்டாம் வாரமே குழந்தை வாக்கியம் அமைக்கவில்லை என்று அதைப் பரண்மீது ஏற்றுவது நியாயமன்று.

வேறொரு எச்சரிக்கையும் இங்குத் தேவை. குழந்தையின் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தொடவைத்து, வந்த வாசகத்தைக் குழந்தையின் கருத்து என்று கூறும் முறை வெளிநாடுகளில் பரவியது. அவ்வாசகங்கள் கை பிடித்தவருடையவையே என்பதை 1990-களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகள் ஐயமற நிறுவின. குழந்தை தானே தொடாத சொல் குழந்தையின் சொல் ஆகாது.

படக்காட்சி பார்ப்பதற்கே டேப்லெட் பழகிவிட்டால் அதே கருவி பேச்சுக்கு உதவாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாதென உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. பொழுதுபோக்காகப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதற்கே இவ்வரம்பு. பேசும் கருவியைப் பேச்சுக்காகப் பயன்படுத்துவதற்கு இதைப் பொருத்துவது முறையன்று. இயன்றால் பேச்சுக்கென ஒரு டேப்லெட்டை ஒதுக்கி, அதில் பிறவற்றைப் பூட்டிவிடுவதே சிறந்தது. ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’, ஆண்ட்ராய்டில் திரையை ஒரே செயலியில் நிறுத்திவைக்கும் அமைப்பு ஆகியவை இதற்காகவே உள்ளன.

செலவினம் பற்றி

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். டேப்லெட்டின் விலை 15,000 ரூபாய் என்றும், அது மூன்றாண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 5,000 ரூபாய். வாரம் இருமுறை, ஒருமுறைக்கு 400 ரூபாய் வீதம் 50 வாரங்கள் பேச்சுப் பயிற்சி அளித்தால் ஆண்டுக்கு 40,000 ரூபாய் ஆகும். இத்தொகைகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் அவற்றின் விகிதம் பெரிதும் மாறாது. செலவில் பெரும்பகுதி மனித உழைப்புக்கே செல்கிறது. எனினும் நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் எளிதாகச் செலவிடக்கூடியது கருவிக்கான தொகையே. வாங்கிய கருவியைப் பதிவேட்டில் காட்டலாம். ஆசிரியர் குழந்தையோடு செலவிட்ட நேரத்தை அவ்வாறு காட்ட இயலாது. அலமாரியில் பூட்டிக்கிடக்கும் கருவிகள் பெரும்பாலும் இக்காரணத்தால் வந்து சேர்ந்தவையே.

வல்லுநர் பற்றாக்குறையை ஒரே நாளில் தீர்க்க இயலாது. ஆனால் வல்லுநரல்லாதாரைப் பயிற்றுவிக்க இயலும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்களே பெற்றோருக்கு வழிகாட்டி, குழந்தையோடு அவர்கள் பழகும் முறையை மேம்படுத்த முடியும் என்று காட்டியது. 2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத்திட்டத்தின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இப்பணிக்கு ஏற்ற இடங்கள்.

சந்தை தானாகச் செய்யாத பணியும் ஒன்று உண்டு. செயலி ஒன்றைத் தமிழிலோ மலையாளத்திலோ உருவாக்கும் செலவு, அதைப் பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பத்தாயிரம் பேர் பயன்படுத்தினாலும் ஒன்றே. வாங்கும் சக்தியுள்ள குடும்பங்கள் குறைவாக உள்ள மொழியில் எந்த நிறுவனமும் அச்செலவை மனமுவந்து ஏற்காது. ஆகவே நமது வீடுகளில் உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் கொண்ட படத்தொகுதி, குழந்தைக் குரலில் ஒலிக்கும் பேச்சுத் தொகுப்பு, இலக்கணம் அறிந்த மென்பொருள் ஆகியவற்றைப் பொதுச்சொத்தாக உருவாக்குவது அரசின் கடமையாகிறது. எழுத்தைப் பேச்சாக மாற்றும் இந்திய மொழி மென்பொருளுக்காகச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய நிறுவனங்கள் மத்திய அரசின் நிதியில் செய்த பணி இதற்கு அடித்தளமாக அமையும்.

கருவிக்கான ஒதுக்கீட்டை முடிவு செய்யும்போது சிறு செலவுகள் சிலவற்றை மறந்துவிடுவது வழக்கம். கீழே விழுந்தாலும் உடையாத உறை, தோளில் மாட்டும் பட்டை, ஓராண்டுக்குப் பின் மாற்ற வேண்டிய மின்கலம் ஆகியவை இல்லாவிடில் கிழக்கேகோட்டைப் பேருந்து நெரிசலில் கருவி ஒரு மாதம் தாங்காது. குழந்தை பள்ளி மாறும்போது கருவியைப் பழைய பள்ளியின் இருப்பில் திரும்ப ஒப்படைக்கச் சொல்வதும் சில இடங்களில் நடைமுறையாக உள்ளது. ஊன்றுகோலையோ செவிக்கருவியையோ எவரும் அவ்வாறு திரும்பக் கேட்பதில்லை. பழுது பார்க்கக் கருவி கடைக்குச் செல்லும் நாட்களுக்கென, அதே கட்டங்களை அதே வரிசையில் வண்ணத்தில் அச்சிட்டு லேமினேட் செய்த தாள் ஒன்று குழந்தையின் பையில் எப்போதும் இருக்க வேண்டும். சாலைத் தெருவின் எந்த நகலகத்திலும் அதைச் சில ரூபாய்க்குச் செய்துவிடலாம்.